பூனை தின்னாத கருவாடு

பிள்ளைகளே, வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்தால் நைனா மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு ஏன் வெளியே போய்விடுகிறார் என்று சின்னவள் போன வாரம் கேட்டாள். "எனக்குப் பிடிக்காது" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அது பாதிதான். மீதியை இதில் எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவன் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இல்லை.

நாங்கள் அப்போது பருத்திப்பட்டில், ஏரிக்கரைக்குக் கீழே ஒரு கூரை வீட்டில் இருந்தோம். வெள்ளைக்காரன் ஆட்சி. எங்கோ சண்டை நடந்துகொண்டிருந்தது. அதற்காக ஆவடிப் பக்கம் வயல்களை எடுத்துக்கொண்டு கொட்டகை கொட்டகையாகப் போட்டார்கள். எனக்குப் பட்டாபிராமில் ராணுவக் கிடங்கு ஒன்றில் மூட்டை அடுக்கும் வேலை. வீட்டில் மூன்றே பேர். என்னைப் பெற்ற உங்கள் ஆயா, உங்கள் அம்மா, நான். ஆயா அப்போது இன்னும் யாருக்கும் ஆயா ஆகவில்லை. அவளை ஆயா ஆக்க வேண்டியவன் உங்கள் அம்மா வயிற்றில் இருந்தான்.

அதற்கு முந்தின வருஷம் ஒன்று உண்டாகி, மூன்றாம் மாதமே தங்காமல் போய்விட்டது. இந்தத் தடவையும் உங்கள் அம்மாவுக்கு ஒரு வாய் சோறு உள்ளே நிற்கவில்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், கைவளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. மருத்துவச்சி வந்து பார்த்தாள். என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, "வயித்துல சோறு நின்னாத்தான் புள்ள நிக்கும். பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். தாய்வீட்டுக்கு அனுப்பலாம் என்றால் உங்கள் அம்மாவுக்குத் தாய் இல்லை.

இது நடந்தது பங்குனியில். வெயில் ஏற ஆரம்பித்தால் எங்கள் ஏரி வற்றும். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஊரே ஒரு நாள் குறித்து ஏரிக்குள் இறங்கும். அடியில்லாத மூங்கில் கூடையைச் சேற்றில் கவிழ்த்து, மேல் ஓட்டை வழியாகக் கையை விட்டு, உள்ளே துடிக்கிற மீனைப் பிடிப்பார்கள். கெண்டை, கெளுத்தி, விரால். ஒவ்வொரு வீட்டுக்கும் கூடை கூடையாக வரும். அதைத் தின்று தீர்க்க முடியாது. அதனால் கருவாடு போடுவார்கள். அந்த வேலையில் உங்கள் ஆயாவை மிஞ்ச ஆள் இல்லை என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பெருமை வாடை பொறுக்கிறவர்களுக்கு.

மூன்று நாள் அவள் கொல்லையில் குந்திக்கொண்டு மீன் அறுத்தாள். குடலை ஒரு சட்டியில் போட்டு, பூசணிச் செடிக்கு ஆகும் என்று மூடி வைத்தாள். மறுநாள் அந்த மூடியைத் திறந்தபோது எனக்கு மூக்கில் யாரோ குத்தியதுபோல இருந்தது. மீனில் உப்பும் மஞ்சளும் தடவிப் பானையில் அடைத்தாள். பானையில் ஊறிய தண்ணீர் பழுப்பு நிறத்தில் நுரைத்து வழிந்தது. பிறகு ஓலைப்பாயில் பரப்பி வெயிலில் காயவைத்தாள். அவ்வளவுதான், ஊரிலுள்ள நீல ஈ எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. மீனில் உட்கார்ந்த ஈ என் சோற்றில் உட்காரும். சோற்றில் உட்கார்ந்தது என் உதட்டில் உட்காரும். கூரையில், பாயில், தலையணையில், குடிக்கிற தண்ணீரில், எங்கும் அந்த நாற்றம். அதே கையால் ஆயா மூக்குப்பொடி போடுவாள், அதே கையால் எனக்குக் கூழ் கரைப்பாள். கரைக்கும்போது அவள் நகக்கண்ணில் ஒரு செதிள் மினுக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பேன்.

கிடங்கில் என்னோடு மூட்டை தூக்கியவன் ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னா அண்ணாத்தே, வலைய தோள்ல போட்டுகினு நேரா வந்துட்டியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே வெந்துபோனேன்.

வீட்டுக்கு வந்து, "யம்மா, இந்த நாத்தத்த எப்பதான் எட்து வெப்ப?" என்றேன்.

"நாத்தமா? ஆடி மாசம் வெஞ்சனம் இல்லாம மோட்டுவளைய பாத்துகினு குந்துவ இல்ல, அப்ப இது மணக்கும்" என்றாள் ஆயா. "அரிசி கெடைக்கிற லட்சணத்துல இவுருக்கு மூக்கு வேற!"

அந்த நேரம் உங்கள் அம்மா வேலிப் பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். வெறும் மஞ்சள் தண்ணீர். அதைப் பார்த்தபோதுதான் எனக்குத் தீர்மானம் வந்தது. இந்த நாற்றம்தான் இவளைக் கொல்கிறது, இது தொலைந்தால் பிள்ளை நிற்கும் என்று எண்ணினேன். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேனே என்று நினைத்தேன்.

ஆயாவுக்கு மத்தியானத்தில் ஒரே பொழுதுபோக்கு தாயம். பக்கத்து வீட்டில் ஒரு சின்னம்மா இருந்தாள். உறவில்லை, பழக்கத்தில் அப்படிக் கூப்பிடுவேன். பிள்ளைகுட்டி இல்லாதவள், ஒரு சாம்பல் பூனையைத்தான் வளர்த்தாள். சோறு தின்ற கையோடு ஆயா அங்கே போய்விடுவாள். இரண்டு பேரும் தரையில் கரிக்கட்டியால் கட்டம் போட்டு, காய் வெட்டி, ஒருத்தியை ஒருத்தி திட்டி, பொழுது சாயும்வரை ஆடுவார்கள். ஆயா கள்ள ஆட்டம் ஆடுவாள். சின்னம்மாவும் ஆடுவாள். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. ஆயா தாயத்துக்குப் போனாள். உங்கள் அம்மா உள்ளே படுத்துத் தூங்கினாள். நான் பாயில் கிடந்ததையும், காய்ந்து இரண்டு பானையில் இருந்ததையும் ஒரு கோணிப்பையில் கொட்டினேன். ஒன்றிரண்டு அழுகலாகக் கையில் ஒட்டியது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் நடந்து, ஒற்றைப் பனைமரத்தடியில் ஈரமண்ணைத் தோண்டிப் புதைத்தேன். திரும்பி வந்து ஒரு பானையை உருட்டிவிட்டு, நாலு தலையை அங்கங்கே இறைத்துப் போட்டேன், பூனை வந்துபோன மாதிரி.

ஆயா வந்து பார்த்தாள். சத்தம் கரைமேல் போகிறவர்களை நிறுத்தியது.

"ஏய், உம் பூனைய கட்டி வளக்கறதுக்கு இன்னாடி? மூணு நாளு முதுகு ஒடிய குந்திகினு போட்டது, அப்படியே வாரி துன்னுகினு பூட்ச்சே!"

சின்னம்மா வேலிக்கு அந்தப் பக்கம் பூனையைத் தூக்கிக் காட்டினாள். "யக்கா, நல்லா கண்ண தொறந்து பாரு. இத்தனூண்டு கீது. ரெண்டு பானை கருவாடு துன்றதுக்கு இது வயிறா, நெல்லு குதிரா?"

"கூட்டாளிங்கள இட்டுகினு வந்திருக்கும்."

"ஆமா, பந்தி வெச்சி பரிமாறிச்சி! இன்னிக்கி தாயத்துல தோத்துட்ட, அந்த வவுத்தெரிச்சல என் பூனை மேல காட்டாத."

"இனிமே உன் ஊட்டு வாசப்படி மிதிச்சா ஏன்னு கேளு!"

"நீயும் மிதிக்காத, உங்க ஊட்டு ஈயும் மிதிக்க வாணாம்."

மறுநாளிலிருந்து தாயம் நின்றது. மத்தியானத்தில் ஆயா வேலிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒன்றுமில்லாத முறத்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் சின்னம்மா பூனையோடு உரக்கப் பேசினாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஈ குறைந்தது. என் மூக்கு ஆறியது. அதைச் சொல்ல எனக்கே அசிங்கமாக இருக்கிறது, ஆனால் அந்த இரண்டு மூன்று நாள் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

உங்கள் அம்மாவுக்கு மட்டும் ஒன்றும் மாறவில்லை. கஞ்சியும் நிற்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்ததும் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"ஒண்ணு கேட்டா வைய மாட்டியே?"

"இன்னா?"

"கருவாடு. சுட்டு, பழைய சோத்துல வெச்சி துன்னா நிக்கும்போல கீது. பாயில காயச்சயே வாயி ஊறும். கேக்க வெக்கமா இருந்துச்சி. இப்ப பூனை துன்னுட்ச்சாமே."

"அந்த நாத்தத்துலதானே நீ வாந்தி எடுத்த?"

"யாரு சொன்னா? சோறு வேகுற ஆவிதான் எனக்கு ஆவல. ஒல கொதிச்சாலே கொடல பொரட்டுது. கருவாட்டு வாட அடிச்சா கொஞ்சம் நல்லா இருந்துச்சி."

நாற்றம் பிடிக்காதது எனக்கு. அதை அவள் தலையில் வைத்து, அவளுக்காகச் செய்ததாக நினைத்துக்கொண்டேன். அன்று வீட்டில் ஒரு துண்டு கருவாடு இல்லை. சந்தையில் வாங்கலாம் என்றால், சந்தை நாள் வர இன்னும் நாலு நாள் இருந்தது. அவள் நின்ற நிலையைப் பார்த்தால் நாலு நாள் எனக்கு ரொம்ப தூரமாகத் தெரிந்தது.

ஞாயிறு காலை, ஆடு மேய்க்கிறவர்கள் வருவதற்கு முன்னால் மண்வெட்டியோடு பனைமரத்தடிக்குப் போனேன். நாலைந்தாவது தப்பி நன்றாக இருக்கும், கழுவிச் சுட்டுக் கொடுத்துவிடலாம் என்ற நப்பாசை. என் மனசு அப்போது அவ்வளவு தூரம் இறங்கியிருந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெருச்சாளி ஏற்கெனவே பள்ளம் பறித்திருந்தது. கோணியை இழுத்தேன். கிழிந்து வந்தது. உள்ளே மீன் இல்லை. மீன் இருந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாக நெளிந்துகொண்டிருந்தது. ஏரித் தண்ணீர் ஊறி, எல்லாம் ஒரே கூழாகி, அதன்மேல் புழு அலை அலையாக அசைந்தது. ஒரு முழு மீன் தெரிந்தது. எடுத்தேன். தோல் என் விரலில் தங்கியது, மற்றது நழுவி விழுந்தது. மணிக்கட்டு வரைக்கும் புழு ஏறியது. அங்கேயே குனிந்து வாந்தி எடுத்தேன். இத்தனை நாளும் உங்கள் அம்மா எடுத்த அதே மஞ்சள் தண்ணீர்.

ஏரியில் மிச்சமிருந்த குட்டையில் கை கழுவினேன். மண் போட்டுத் தேய்த்தேன். வீட்டுக்கு வந்தேன். ஆயா வாசலில் நொய் புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனதும் முறம் நின்றது. அவள் மூக்கு ஒரு தடவை அசைந்தது. மூக்குப்பொடி போட்டுப் போட்டு மரத்துப்போன மூக்கு என்று நான் நினைத்திருந்தேன். என் கையைப் பார்த்தாள். நகத்தில் இருந்த கறுப்பு ஏரிமண்ணைப் பார்த்தாள். மண்வெட்டியைப் பார்த்தாள்.

"எங்க பொதச்ச?" என்றாள்.

"பனமரத்தாண்ட."

"எல்லாத்தயுமா?"

தலையாட்டினேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "அது கருவாடு கேட்ச்சி இல்ல?" என்று உள்ளே கண்ணைக் காட்டினாள். அதற்கும் தலையாட்டினேன்.

"போ. சாம்பல் போட்டு கைய கழுவு. எம்மேல படாத."

ஒரு மண்சட்டியை எடுத்துக்கொண்டு, ஒரு வாரமாக முதுகு காட்டிய வேலிக்குப் போனாள். நான் தண்ணீர்த் தொட்டியோரம் சாம்பலும் கையுமாக நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

"ஏண்டி, கீறியா?"

"யாரது? வாசப்படி மிதிக்காதவங்க கொரலாட்டம் கீது?"

"உம் பூனை துன்னல. நாந்தான் தப்பா சொல்லிட்டேன்."

"அப்ப யாரு துன்னது?"

என் கையில் சாம்பல் காய்ந்தது.

"யாரோ. அத வுடு. புள்ளதாச்சி கருவாடு கேக்குது. ஒண்ணு ரெண்டு குடு."

"எங்கிட்ட இன்னா கேக்கற? பழி போட்டது எம்மேலயா? இந்தா, இது கைல கேளு." சின்னம்மா பூனையைத் தூக்கி வேலிமேல் வைத்தாள்.

உங்கள் ஆயா யாரிடமும் குனியாதவள். நிலம் எடுக்க வந்த அதிகாரியையே நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள். அவள் அந்தச் சாம்பல் பூனையைப் பார்த்து, "ஏம்மா, தப்பா நெனச்சிக்காத. மருமவளுக்குத்தான்" என்றாள். அது கொட்டாவி விட்டது.

"சரி, பெரிய மனசு பண்ணி மன்னிச்சிட்ச்சி" என்றாள் சின்னம்மா. மூன்று கெண்டை கொடுத்தாள்.

ஆயா அடுப்பில் சோற்று உலையை இறக்கித் தூர வைத்துவிட்டு, தணலில் கருவாட்டைச் சுட்டாள். புகை வீடெல்லாம் நிறைந்தது. நான் ஓடிவிடலாம் என்று எழுந்தேன். "குந்து" என்றாள் ஆயா. குந்தினேன். உங்கள் அம்மா பழைய சோற்றில் அதைப் பிட்டுப் பிட்டு வைத்துத் தின்றாள். முள்ளை உறிஞ்சினாள். விரலை நக்கினாள். எனக்குக் கண்ணில் அந்தப் புழுவே நெளிந்தது. மூக்கைப் பொத்தக் கையைத் தூக்கினால் கையில் அதைவிட மோசமாக நாறியது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் காத்திருந்தோம். அவள் வேலிப் பக்கம் ஓடவில்லை. சுவரில் சாய்ந்து ஒரு பெரிய ஏப்பம் விட்டாள்.

பிறகு, "இன்னும் ஒண்ணு கீதா அத்தே?" என்றாள்.

ஆயா காலிச் சட்டியை எடுத்தாள். எழுந்திருக்கவில்லை. அதை என் மடியில் வைத்தாள்.

"நீ போ" என்றாள். "பூனைகிட்ட இப்ப நீ கேளு."