மலையில் காகம் இல்லை

2024 ஓகஸ்ட் 19: பாரிஸ் சட்டத்தரணிக்கு, 600 யூரோ.
செப்ரெம்பர் 11: நுவரெலியாப் பலகைவீட்டுக்கு முற்பணம், 15,000 ரூபா.
ஒக்ரோபர் 4: வானுக்கு டீசல், 18,400 ரூபா.
ஒக்ரோபர் 5: பலகைவீட்டுக்கு மீதி, 27,000 ரூபா.

முதல் தொகை குணலட்சுமியின் இளைய மகன் கோகுலனுக்காகப் போனது. மற்றவை, அவனை நினைத்தே உருகிக்கொண்டிருந்த தாயை இரண்டு நாளாவது இடம் மாற்றிப் பார்க்கலாமென்று மூத்தவன் குகதாசன் செலவழித்தவை.

குணலட்சுமி உடுப்பிட்டியில் பிறந்து உடுப்பிட்டியிலேயே வாழ்க்கைப்பட்டவள். புருஷன் போனபின் வெங்காயமும் மரவள்ளியும் பயிர்செய்து இரண்டு பெடியன்களையும் ஆளாக்கினாள். கோகுலன் பிரான்சில் அகதி வழக்குப் போட்டு ஆறு வருடம். இரண்டு தரம் மறுத்தாயிற்று. நடப்பது கடைசி மேன்முறையீடு. சாத்திரியார் அவனுக்கு ஏழரைச் சனி என்று சொன்ன நாளிலிருந்து, புரட்டாதிச் சனி தவறாமல் எள்ளெண்ணெய் எரித்து, காகத்துக்கு எள்ளுச்சோறு வைத்து, அது கொத்திய பிறகுதான் அவள் வாயில் பருக்கை படும். உடுப்பிட்டியில் அதற்குக் கஷ்டமில்லை. அவள் இலையோடு வரமுன்னமே காகங்கள் கிணற்றுக்கட்டில் வந்து குந்தியிருக்கும்.

மலைக்குப் போன மறுநாள் மூன்றாம் சனி. இறைச்சி புழங்கிய பாத்திரம் ஆகாதென்று வீட்டிலிருந்து கொண்டுபோன புதுப்பானையில் சோறாக்கி, வாழையிலைத் துண்டில் படைத்து, படியில் வைத்துவிட்டு "கா, கா" என்று கூப்பிட்டாள். பனிமூட்டத்துக்குள் ஒன்றும் அசையவில்லை.

மருமகள் பிரசாந்தி விஞ்ஞான ஆசிரியை. மலையில் என்னென்ன விலங்கு பார்க்கலாமென்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவள்.

"மாமி, அங்கை பாருங்கோ, மரைமான்! காதை ஆட்டுது."

"மரை கிடக்கட்டும் பிள்ளை. உங்கை எங்கையும் ஒரு காகம் நிக்குதோ எண்டு பார்."

"காட்டுக்கோழி நிக்குது, மலையணில் நிக்குது. காகத்துக்கு நான் எங்கை போறது? அது டவுணிலை, குப்பை கொட்டுற இடத்திலைதான் நிக்கும்."

மத்தியானம் திரும்பிவிட்டது. குணலட்சுமி நீரிழிவு என்ற சீனி வருத்தக்காரி. காலையில் வெறுவயிற்றிலேயே குளிசையைப் போட்டிருந்தாள். படியை விட்டு எழும்பவில்லை. குகதாசன் தேத்தண்ணியோடு வந்து நின்றான்.

"இதிலை விழுந்தியளெண்டால் உங்களைத் தூக்கிக்கொண்டு நான் எந்த ஆசுப்பத்திரிக்கு ஓடுறது? குடியுங்கோ."

"அவன்ரை விதி இந்தச் சோத்திலை கிடக்கு. நீ போ."

அப்போது கூரையிலிருந்து ஒரு செங்குரங்கு தொப்பென்று குதித்தது. உச்சியில் வகிடு எடுத்துச் சீவிவிட்டதுபோல மயிர். இலையை இழுத்து, இரண்டு கையாலும் சோற்றை அள்ளிக் கன்னம் இரண்டும் வீங்க அடைத்துக்கொண்டு, குணலட்சுமியை ஏற இறங்கப் பார்த்தது. அவள் "சூ, சூ" என்று துரத்த, குகதாசன் கைபேசியில் படமெடுத்தான்.

"பாத்தியளே, மருதனாமடத்து ஆஞ்சநேயரே நேரிலை வந்திட்டார். அவரைக் கண்டால் சனிபகவானும் ஒதுங்குவார். இனிச் சாப்பிடுங்கோ."

"பகிடி விடாதை மோனை," என்றாள். ஆனால் கண் இருட்டிக்கொண்டு வந்ததால் சாப்பிட்டாள்.

பின்னேரம் கோகுலன் அழைத்தான்.

"என்னம்மா, காகம் எடுத்ததோ?"

"ஓம் மோனை. வைச்ச உடனை எடுத்திட்டுது."

குகதாசன் மரையைத் தேடுபவன்போல வெளியே திரும்பிக்கொண்டான்.

விரத நாளில் சொன்ன பொய் அவளை அரித்தது. ஊர் திரும்பி, புரட்டாதி முடிந்தும் சனிக்கிழமைகளில் சோறு வைத்தாள். காகங்கள் சண்டை பிடித்துத் தின்றன. அதைப் பார்த்தும் மனம் ஆறவில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு பின்னேரம் கோகுலனின் குரல் வந்தது.

"அம்மா, கடைசிக் கடிதமும் இண்டைக்கு வந்திட்டுது. மறுத்திட்டாங்கள். முப்பது நாளுக்குள்ளை நாட்டை விட்டு வெளிக்கிடட்டாம்."

குணலட்சுமி கிணற்றுக்கட்டில் அப்படியே இருந்துவிட்டாள்.

"என்னாலைதான் மோனை. அண்டைக்குக் காகம் எடுக்கேல்லை. குரங்குதான் திண்டது. நான் உனக்குப் பொய் சொன்னனான்."

"தெரியும் அம்மா. அண்ணை அண்டைக்கே படம் அனுப்பினவர். ஆஞ்சநேயர் கன்னம் ரண்டும் வீங்கச் சோத்தை நல்லாய்த்தான் வெட்டியிருக்கிறார்."

"தெரிஞ்சுகொண்டு பிறகேன் கேட்டனி?"

"எடுத்ததெண்டு நீங்கள் சொல்லுவியள் எண்டும் தெரியும். அதை உங்கடை வாயாலை கேக்கவேணும்போலை இருந்தது."

இனி எங்கே போவாய் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அந்தக் கடிதம் வந்தது 2024 நவம்பர் 28, வியாழக்கிழமை; சனிக்கிழமையல்ல.