முருகேசன் தூக்கம் கெடாமல் ஒரு பாடம்

வேலை கிடைத்த நாளைவிட, அது கைநழுவப் பார்த்த நாள்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. துபாய் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு டெமோ கிளாஸ். விருதுநகர் பக்கம் பதினான்கு வருடம் பாடம் எடுத்த தெம்பில் உள்ளே போய், "குட் மார்னிங்!" என்றேன். முன்பெஞ்சுப் பையன் காதைப் பொத்திக்கொண்டான்.

ஊரில் வகுப்புக்கு அறுபது பேர். வெளியே லாரி போகும் ரோடு, தலைக்கு மேல் கடகடக்கும் ஃபேன். கத்தினால்தான் கடைசி பெஞ்சுக்குப் போகும். இங்கே கதவைச் சாத்தினால் ஏசி ஓடுவதுகூடத் தெரியவில்லை.

சூப்பர்வைசர் மேடம் கோயமுத்தூர்க்காரர். வராந்தாவுக்கு அழைத்துப் போனார். "பாடம் நல்லாத்தானுங்க இருக்குது சார். ஆனா இது கிளாஸ்ரூமுங்க, மைக் செட் கட்டுன கூட்டமில்லீங்க. அடுத்த வாரம் இன்னொருக்கா எடுங்க. அதுதான் கடைசி."

ஊர் வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு விசிட் விசாவில் வந்தவன் நான்.

அந்த ஒரு வாரம்

தங்கியது துபாயின் கராமா பகுதியில், ஒரு ரூமில் ஆறு பேர். குளிக்க எனக்கு ஒதுக்கியது விடியற்காலையில் பத்தே நிமிடம். ஒரு நிமிடம் கூடினாலும் கதவைத் தட்டுவார்கள். பகலில் எல்லோரும் டியூட்டிக்குப் போய்விடுவார்கள், முருகேசனைத் தவிர. புதுக்கோட்டைக்காரன். பேக்கரியில் நைட் டியூட்டி, பகல் முழுக்கப் போர்வைக்குள் இருப்பான். அவன் தூக்கம் கெடக்கூடாது என்பது ரூமின் சட்டம்.

எனக்குப் பொறி தட்டியது. இவன் விழிக்காமல் பாடத்தை முடித்தால் நான் பாஸ்! அலமாரிக் கதவில் சார்ட் பேப்பரை ஒட்டி, "விகிதம்" என்று ஆரம்பித்தேன். இரண்டாவது நிமிடமே போர்வை எழுந்து உட்கார்ந்தது.

"யல்லா சார், கிளம்புங்க, வெளிய போய்க் கத்துங்க. புண்ணியமாப் போகும்."

மறுநாள் ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தேன். ஐந்தாம் நாள் முழுப் பாடமும் முடிந்தது, போர்வை அசையவே இல்லை. அப்பாடா என்று மார்க்கரை மூடினேன்.

"சார், ஒரு டவுட்டு," என்றது போர்வை. "அம்பது கிலோ மாவுக்கு முப்பது லிட்டர் தண்ணி ஊத்துவோம். பாதி மூட்டைன்னா பதினஞ்சு, சரி. பன்னெண்டு கிலோதான் இருக்குன்னா?"

"ஏப்பா, நீ தூங்கலையா?"

"மூணு நாளா எங்க தூங்குனேன்! நீங்க கத்துனப்போ காதை மூடிக்கிட்டுப் படுத்தேன். மெதுவாப் பேசவும்தான் என்ன சொல்றீங்கன்னே கேக்க ஆரம்பிச்சிருச்சு."

எனக்கு வெட்கமாகிவிட்டது. முதலில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று பார்க்கும் படியை நான் சொல்லவே இல்லை. எழுதிக் காட்டினேன்: கிலோவுக்கு அறுநூறு மில்லி. பன்னிரண்டு கிலோவுக்கு ஏழு லிட்டர் இருநூறு மில்லி.

"அட! நாங்க குத்துமதிப்பா ஊத்திட்டு, அப்புறம் மாவை அள்ளி அள்ளிப் போட்டுக்கிட்டு இருக்கோம்."

கடைசி டெமோ

அந்த மாவுக் கணக்கையே எடுத்தேன், ரூமில் பேசிய அதே குரலில். கடைசி பெஞ்சில் கிசுகிசுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டு முன்னால் சாய்ந்தார்கள். மேடம் பேனாவை மூடினார். "எப்பங்க சார் ஜாயின் பண்றீங்க?"

இன்று புதிதாக வரும் ஆசிரியர்களிடம் நான் சொல்வது இதுதான்: வகுப்பு கவனிக்கவில்லையென்றால் குரலைக் குறைத்துப் பாருங்கள். எனக்கு அதைச் சொல்லித்தர ஒரு நைட் டியூட்டிக்காரனின் தூக்கம் தேவைப்பட்டது.

சேதி கேட்டதும் முருகேசன் கையெடுத்துக் கும்பிட்டான். "கலாஸ் சார், முடிஞ்சது. இனிமே நிம்மதியாத் தூங்குவேன்."

பள்ளியில் சேர்வதற்கு முந்தின மத்தியானம், வாயே திறக்காமல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். போர்வை விலகியது.

"என்ன சார், சத்தத்தையே காணோம்? அடுத்த பாடம் என்ன?"