அந்தப் பக்கம் யார் கையில்

தேயிலை விலை விழுந்து எஸ்டேட்டில் பாதி நாள்தான் வேலை என்று ஆனபோது, தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டுக்காரி குன்னூரில் ஒரு ராணுவ அதிகாரி வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனாள். முதலில் என்னைத்தான் கேட்டார்கள். புது மனிதர்களிடம் பேசக் கூச்சப்பட்டு நான் போகவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் எல்லையில் இரண்டு நாட்டுப் படைகளும் எதிரெதிரே நின்றன. என் மகன் அங்கே சிப்பாய். ரேடியோவைத் திருகினால் அணுகுண்டுப் பேச்சுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தால் குழாயடியில் கூட்டம் கூடிவிடும். அதிகாரியின் மனைவி கொடுத்த நீல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, அதிகாரி சாப்பிடும்போது பேசியதையெல்லாம் சொல்வாள். குண்டு ஒரே ஆள் கையில் இல்லையாம். டெல்லியில் பெரியவர்கள் கூடி முடிவெடுக்க வேண்டுமாம். அதற்குப் பிறகும் கீழே ஒருவர் தனியாக ஒன்றும் செய்துவிட முடியாதாம், இரண்டு பேர் சேர வேண்டுமாம். பொறுப்பாளர் டீமேக்கர் சொல்லாமல் டீ ஃபேக்டரியில் இலை உருட்டும் ரோலர் ஓடுமா, அந்த மாதிரிதான் என்பாள். இரண்டு நாட்டிடமும் குண்டு இருப்பதால்தான் இரண்டும் பயந்து நிற்கின்றன என்பாள்.

குடம் நிரம்பி வழிந்தாலும் நான் காதில் விழாதது போல நிற்பேன். எல்லையில் நிற்பது என் பிள்ளை. லயமே அவள் முகத்தைப் பார்த்தது. என்னிடம் உப்பு இருக்கிறதா என்பதைத் தவிர எதுவும் கேட்காத என் வீட்டுக்காரர், அவளிடம் போய், "சண்டை வருமா தங்கச்சி?" என்று கேட்டார். நான் குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

எனக்கும் ஒரு கேள்வி இருந்தது. நம் பக்கம் சரி, அந்தப் பக்கமும் அப்படித்தானா? அங்கே ஒருவன் அவசரப்பட்டால்? அவளிடம் போய்க் கேட்பதா என்று அடக்கிக்கொண்டேன். மகனிடமிருந்து கடிதம் வருவது நின்றுபோன பிறகு அடக்க முடியவில்லை. அவள் குன்னூர் பஸ்ஸுக்குப் போகும்போது பின்னாலேயே போனேன்.

"அந்தப் பக்கம் அது யார் கையில இருக்குன்னு ஒங்க தொரை சொன்னாரா?"

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"தொரையையே பார்டருக்குக் கூப்பிட்டுட்டாங்க அக்கா. ஒங்க லயத்துப் பையன் ஏதாச்சும் எழுதினானான்னு அந்தம்மா தெனமும் என்னையத்தான் கேக்குது."

எழுதவில்லை என்றேன். பஸ் வந்ததும் அவள் ஏறிக்கொண்டாள். அந்த அம்மாவுக்குக் கேட்பதற்கு இவளாவது இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே லயத்துக்குத் திரும்பினேன்.