பிரித்துக் கட்டும் மேஸ்திரி

சங்கரலிங்கம் மேஸ்திரி சாயா கிளாஸை மணலில் ஊன்றி வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்துச் சுவரின் தலையிலிருந்து இறக்கினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டார். நூல் ஆடி நிற்கும்வரை மூச்சுவிடவில்லை. பிறகு, "சாரே, இது சொவரில்ல, பப்படம்" என்று சொல்லி, மேல் வரியிலிருந்து வெட்டுக்கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைக்க ஆரம்பித்தார்.

நீலகண்டன் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்தச் சுவரை எழுப்பியதே அவரும் அவருடைய ஆபீஸ் சகாக்களும்தான். நேற்று, சனிக்கிழமை, ஆபீஸ் விட்டு வந்து சாயங்காலம் கட்டியது. உள்ளங்கைக் கொப்புளம் இன்னும் உடையக்கூட இல்லை.

எழுபதுகளின் கடைசியில், ஓர் ஏப்ரல் மாதத்து மத்தியானம், காற்றும் மழையும் இல்லாமல், கொச்சிக்குத் தெற்கே கண்ணமாலிக் கரையில் கடல் ஏறி வந்தது. இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் வருவதற்கு அங்கே கள்ளக்கடல் என்று பெயர். அது இடித்துத் தள்ளியவற்றில் மூன்று வீடுகளைத் திரும்பக் கட்டிக் கொடுப்பதாக மட்டாஞ்சேரித் தமிழர்கள் சிலர் ஏற்றுக்கொண்டார்கள். கூலி கிடையாது, ஓய்வு நாளில் வந்து உழைக்கவேண்டும். கார்ப்பரேஷன் கிளார்க் நீலகண்டன் காரியதரிசி. வீடிழந்த குடும்பங்கள் பள்ளிக்கூடத்து வகுப்பறைகளில் படுத்திருந்தன. ஜூன் ஒன்றாம் தேதி பள்ளி திறந்துவிடும். மழையும் அதே வாரம் வந்துவிடும். இரண்டு வீடுகள் முடிந்தன. மூன்றாவது, மீனவர் பத்ரோஸின் மனைவி திரேசியாவின் வீடு. அதற்கு மிச்சமிருந்தவை இரண்டே ஞாயிறுகள். இன்றைக்குச் சுவர் முடிய வேண்டும், அடுத்த வாரம் கூரை. இந்த மனிதர் என்னவென்றால் இருக்கிற சுவரையும் பிரித்துக்கொண்டிருக்கிறார்.

"அரை விரல் சாய்வுதானே மேஸ்திரி! பூசினாத் தெரியாது."

"உமக்குத் தெரியாது சாரே. மழைக்குத் தெரியும்."

"சும்மா கட்டிக் கொடுக்கற வீடு. அவங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

மேஸ்திரி அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். "அதனாலதான் பிரிக்கேன். கூலி வாங்கிட்டுக் கோணலாக் கட்டினா வீட்டுக்காரன் சட்டையப் பிடிப்பான். சும்மா கட்டிக் குடுத்தா, கோணலா இருந்தாலும் அவங்க வாயத் தொறந்து சொல்ல முடியுமா?"

நீலகண்டனுக்கு எரிச்சல் வந்தது. நியாயம் எதிராளியிடம் இருக்கும்போது வருகிற எரிச்சல் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

மேஸ்திரி கடையநல்லூரிலிருந்து இருபது வயதில் மட்டாஞ்சேரிக்கு வந்தவர். பஜார் ரோட்டு அரிசிக் கிட்டங்கிகளில் பாதிக்கு அவர் கை பட்டிருக்கிறது. சுவரோடு பேசுவார்: "நேரா நில்லுடே, கள்ளுக் குடிச்சவன் மாதிரி நிக்காத." மனிதர்களோடு அவ்வளவு பேச்சு இல்லை. கூட வேலை செய்பவர்களின் பெயர் ஒன்றும் தெரியாது; எல்லாருமே அவருக்குக் "கார்ப்பரேஷன்". யாராவது நன்றாயிருக்கிறது என்று புகழ்ந்துவிட்டால் தீர்ந்தது, உடனே குண்டை இறக்கி இன்னொரு கல்லைப் பிடுங்குவார். மத்தியானம் கரைப் பெண்கள் கொண்டுவரும் கப்பைக் கிழங்கையும் மீன்குழம்பையும் தலைநிமிராமல் இரண்டு தட்டுச் சாப்பிட்டுவிட்டு, "கப்பை வேகல" என்பார். அவர் மனைவி மாடத்தியிடம் ஒரு தடவை நீலகண்டன் முறையிட்டுப் பார்த்தார். "துணிக்கொடி கட்ட ஒரு ஆணி அடிக்கச் சொல்லி ஆறு மாசமாச்சு. இன்னும் சொவருல புள்ளி வச்சுப் பாத்துக்கிட்டிருக்காரு. எங்கிட்டயா வந்து சொல்லுதீங்க?" என்று கேட்டு அந்த அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், வாசல் விஷயத்தைத்தான் நீலகண்டனால் பொறுக்கமுடியவில்லை. மூன்று வீட்டுக்கும் மேஸ்திரி கிழக்கே வாசல் வைத்திருந்தார். அவர் ஊர் வழக்கம் அது. இங்கே கடல் மேற்கில் இருக்கிறது. அஸ்திவாரம் போட்ட அன்றே திரேசியா தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறாள், "வள்ளம் வருந்நது காணண்டே மேஸ்திரி?" என்று. படகு வருவது கண்ணில் படவேண்டாமா என்பது அவள் கேள்வி. "வீட்ட இடிச்ச கடலுக்கே வாசலத் தொறந்து வைக்கச் சொல்லுதீங்களா சேச்சி?" என்று இவர் கேட்க, அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். பழைய வீட்டில் அடுப்பு முன்னால் உட்கார்ந்தபடியே கடல் தெரியுமாம். பத்ரோஸின் வள்ளம் தலைகாட்டிய பிறகுதான் உலையில் அரிசி போடுவாளாம். இன்று மத்தியானம் கப்பைத் தட்டைக் கொடுக்கும்போது போகிற போக்கில் இதை நீலகண்டனிடம் சொன்னவள், "மேஸ்திரியோடு பறயண்ட சாரே" என்று, அவரிடம் சொல்லவேண்டாமெனக் கெஞ்சவும் செய்தாள்.

நீலகண்டன் சொல்லிவிட்டார். நாலு மணி வாக்கில், கடைசி வரிக் கல்லையும் மேஸ்திரி குறை சொன்னபோது, அடக்கிவைத்தது அத்தனையும் வெளியே வந்துவிட்டது.

"சும்மா கட்டிக் கொடுத்தா வாயைத் திறக்கமாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? அந்தச் சேச்சி ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாங்க. அப்ப நீங்க எங்க பாத்துக்கிட்டிருந்தீங்க? சுவரு நேரா இருந்தா மட்டும் போதுமா?"

மேஸ்திரி கரணையைத் துடைத்தார். குண்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வீட்டின் பின்பக்கமாக நடந்து போய்விட்டார். போனால் போகட்டும் என்று நீலகண்டனுக்கு முதலில் தோன்றிற்று. அடுத்த ஞாயிறு இந்த ஆள் வராவிட்டால் யாரை வைத்துக் கூரை ஏற்றுவது என்ற பயம் அப்புறம்தான் வந்தது. கடுப்போடு கடுப்பாக, தன்னையும் நாலு திட்டு திட்டிக்கொண்டு, நீலகண்டன் தோப்பும்படி பஸ்ஸுக்கு ஆட்களை அனுப்பிவிட்டுச் சட்டிகளையும் மண்வெட்டிகளையும் எடுத்துவைக்க வீட்டுக்குள் போனார்.

சமையல் கட்டில் வெயில் விழுந்திருந்தது. அங்கே வெயில் விழ வழியே கிடையாது. மேற்குச் சுவரில், அத்தனை நேராக எழுப்பிய சுவரில், ஆறேழு கற்களைக் காணோம். அவை கீழே வரிசையாக அடுக்கியிருந்தன. ஓட்டைக்கு அந்தப் பக்கம் கடல்.

அடுப்புக்கென்று கோடு கிழித்த இடத்துக்கு முன்னால் மேஸ்திரி தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணை மூடி ஓட்டை வழியாகப் பார்த்தார். திருப்திப்படவில்லை. திரேசியா குள்ளமான பெண். தோளைக் குறுக்கி, கழுத்தை உள்ளே இழுத்து, அவள் உயரத்துக்குத் தணிந்து இன்னொரு தடவை பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஓட்டையின் அடிவரியிலிருந்து மேலும் ஒரு கல்லை உருவி, திரும்பிப் பார்க்காமலே நீலகண்டனிடம் நீட்டினார்.