நாடகத்துப் பெண்ணுக்கு ஓர் அர்ச்சனை

அக்கா தலைப்பிரசவத்தில் இறந்துபோனாள். பிள்ளையும் தங்கவில்லை. கருமாதி முடிந்த மறுநாளே அம்மா தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனாள், நான் நுவரெலியாவில் வேலை பார்க்கும் ஹோட்டலுக்குத் திரும்பினேன். துக்கத்துக்கு வந்தவர்கள்தான் அழுதார்கள். நாங்கள் அவர்களுக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தோம். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி எனக்கு எல்லாமே மரத்துக் கிடந்தது.

அதற்குப் பிறகு அம்மா வாய் திறந்தால் டீவி நாடகத்தைப் பற்றித்தான். மலையிலிருந்து இறங்கி முகம் கழுவியதும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். நாடகத்துக் கதாநாயகி நிறைமாதக்காரி. வலி வந்து அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாடகக்காரர்கள் வாரக்கணக்காகப் பிள்ளை பெறவிடவில்லை. நான் லீவில் வரும்போதெல்லாம் அவள் அதே கட்டிலில் கத்திக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

“அப்படி ஒருத்தியே இல்லம்மா. நடிக்கிற பொண்ணு இந்நேரம் வீட்டுல சோறு தின்னுக்கிட்டு இருக்கும்.”

“அது எனக்குத் தெரியாதா தம்பி? நடிக்கிற புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. இவள நெனச்சாத்தான் பயமா இருக்கு.”

திரும்பிப் போகையில் பஸ்ஸில் யோசித்தேன். அந்த நாடகத்துப் பெண்ணுக்கு என்ன வகை இரத்தம்? சின்ன வயதில் எங்கே விழுந்து அடிபட்டாள்? கதை எழுதியவன் சொல்லாதவரை அவளுக்கு அதெல்லாம் கிடையாது. அக்காவுக்கு எல்லாம் இருந்தது, முழங்கையில் ரொட்டிக்கல் சுட்ட தழும்பு உட்பட. இப்போது இரண்டு பேரும் இல்லை. ஆனால் இரண்டு ‘இல்லை’யும் ஒன்றா? அதற்கு மேல் போகத் தெம்பில்லை. நானுஓயா வரும்வரை தூங்கிவிட்டேன்.

அடுத்த லீவில், ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா என்னைத் தோட்டத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். கையில் அர்ச்சனைத் தட்டு இருந்தது. எனக்குத்தான் செய்யப்போகிறாள் என்று நினைத்தேன்.

“யாரு பேருக்கும்மா?” என்றார் பூசாரி.

அம்மா நாடகத்துப் பெண்ணின் பெயரைச் சொன்னாள். “புள்ளைக்கு இது பிரசவ நேரம் சாமி.”

பூசாரி நாடகம் பார்க்கிறவர் இல்லை போலிருக்கிறது. “ராசி, நட்சத்திரம் சொல்லுங்க” என்றார்.

வசமாக மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். பிறக்கவே பிறக்காதவளுக்கு நட்சத்திரத்துக்கு எங்கே போவது?

“விருச்சிக ராசி, அனுஷம்” என்றாள் அம்மா, கொஞ்சமும் தயங்காமல்.

அது அக்காவின் நட்சத்திரம். செத்தவர்களுக்கு அர்ச்சனை செய்வதில்லை என்பது அம்மாவுக்கும் தெரியும். தீபாராதனை முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்ததும் கேட்டுவிட்டேன்.

“ஏம்மா அக்கா நட்சத்திரத்தச் சொன்ன?”

அம்மா என் நெற்றியில் திருநீறு பூசினாள். கண்ணில் தூள் விழாமல் ஊதியும் விட்டாள்.

“அவளுக்குத்தான் இனிமே அர்ச்சன கெடையாதே. அந்த நட்சத்திரம் சும்மாத்தானே தம்பி கெடக்கு. இந்தப் புள்ளையாவது அத வச்சிப் பொழைக்கட்டும்.”