சுறா எண்ணெய் பூசிய ரேடியோ

கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்த அண்ணன், ஊருக்கு வந்திருந்தபோது பேட்டரி ரேடியோ ஒன்றைக் கொண்டுவந்து பாம்பனில் எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். அது பாடியதைவிட இருமியதுதான் அதிகம். எல்லாம் உப்புக் காற்றின் வேலை. குமிழைத் திருகினால் கரகரக்கும், ஓங்கித் தட்டினால் பாடும், கையை எடுத்தால் நின்றுவிடும். கடலுக்குப் போகாத நேரமெல்லாம் அய்யா அதன் முதுகைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு ரேடியோவைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. இதை நான் அப்போதே சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

அண்ணன் போய் இரண்டு வருஷம் கழித்து ஒரு கடிதம் வந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை கொழும்பு ரேடியோவில், நேயர் விருப்பத்தில், அம்மாவின் பேரைச் சொல்லிப் பாட்டுப் போடுவார்களாம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என்னை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை அய்யா ரேடியோவைத் திறந்தார். உள்ளே தகடுகள் பச்சை பூத்திருந்தன. வள்ளத்துக்குப் பூச வைத்திருந்த சுறா எண்ணெயை எடுத்துவந்தார்.

“அய்யா, இது வள்ளம் இல்ல, ரேடியோ.”

“உப்பு எதுல ஏறுனா என்ன புள்ள? பத்து வருஷமாப் பூசுறேன், வள்ளம் உளுத்தா போச்சு?”

துணியில் தொட்டு ஒரு தகடு விடாமல் பூசினார். வீடே நாறியது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தோம். உஸ்ஸென்று ஒரு இரைச்சல் மட்டும் வந்தது. அய்யா தட்டினார், திருகினார், கம்பியை இழுத்துக் கட்டினார். அம்மா ரேடியோவில் காதை வைத்தாள்.

“சும்மா இருங்க... சொல்லிட்டாக! என் பேரைச் சொல்லிட்டாக!”

அய்யா அவள் முகத்தையே பார்த்தார். பிறகு, “ஆமா, எனக்கும் கேட்டுச்சு. நம்ம ஊருப் பேரையும் சொன்னாகளே” என்றார்.

“பொய்! ஒண்ணுமே கேக்கல!” என்று கத்தினேன்.

அம்மா என் கன்னத்தில் ஒன்று வைத்தாள். “வாய மூடு, சிறுக்கி.”

சாயங்காலம் என்னையே கடிதம் எழுத உட்கார வைத்தாள். பேர் தெளிவாகக் கேட்டது, அய்யா ரேடியோவை நன்றாகச் சரிபண்ணிவிட்டார் என்று எழுதச் சொன்னாள். கன்னம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ‘அய்யா சுறா எண்ணெய் பூசி ரேடியோவைக் கெடுத்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரும் பொய் சொல்கிறார்கள்’ என்று எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னபோது அவள் சொன்னதையே சொல்லிவிட்டு, நானே கொண்டுபோய்ப் போட்டேன்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. வழக்கம்போல நான்தான் சத்தமாகப் படித்தேன். ‘அம்மா பேர் தெளிவாகக் கேட்டது அறிந்து மிகவும் சந்தோஷம். அய்யா கை வைத்தால் சரியாகாதா? எதற்கும் அடுத்த முறை வரும்போது வேறு ரேடியோ ஒன்று கொண்டுவருகிறேன்.’

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அய்யா, “பாத்தியா?” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கொழும்பில் வேலை பார்க்கிறாராம், ஒரு கடிதத்தை ஒழுங்காகப் படிக்கத் தெரியவில்லை. அடுத்த கடிதத்தில் அதையே இன்னும் பெரிய எழுத்தில் எழுதினேன்.