சாக்குக்கு வழி சொன்னவர்

“பள்ளம் வருது, இறுக்கிப் பிடி.”

விடியக்காலமை நான் வீட்டு முத்தம் கூட்டேக்கை வேலிக்கு அங்காலை இந்தக் குரல் போகும். எட்டிப் பாத்தால் மார்க்கண்டு அண்ணை சைக்கிளிலை போறார். பின்னுக்கு ஆரும் இல்லை. கரியரிலை ஒரு சாக்குச் செம்மண் குறுக்கையும் நெடுக்கையும் கயித்தாலை கட்டிக் கிடக்கு. அதுக்குத்தான் சொல்லுறார். “இப்ப வளைவு. ஒரு பக்கம் சாயாதை, நேர இரு.” உரும்பிராயிலை வெளிக்கிட்டு, கோப்பாய், நீர்வேலி, புத்தூர் எண்டு நிலாவரைக் கிணறு மட்டும் போவார். கிணத்தடியிலை ஒரு மிடறு தண்ணி குடிச்சுப்போட்டு அதே மண்ணோடை திரும்பி வருவார்.

ஒரு நாள் வேலிப் படலையிலை மறிச்சன். “என்ன அண்ணை, மண்ணுக்கு நிலாவரையைக் காட்டிப்போட்டு வாறியளோ?”

“ஓம் பிள்ளை. அதுவும் எத்தினை நாளைக்குத் தோட்டத்துக்கையே கிடக்கிறது?”

எங்கடை பக்கத்து வீடு. வேலை, கிணறு வெட்டுறது. இஞ்சை ஒரு முழம் செம்மண்ணைக் கிண்டினால் பிறகெல்லாம் சுண்ணாம்புக் கல்லுத்தான். அலவாங்குக் கம்பியாலை துளை போட்டு, வெடிமருந்து இடிச்சு, திரி வைச்சு, வெடிக்கப் பண்ணித்தான் தண்ணியைக் காணலாம். இருவது வருசமா வெடி வைச்சதிலை வலக்காது போயிட்டுது. அதாலை மெல்லமாய்க் கதைக்கத் தெரியாது. அவையள் வீட்டிலை இண்டைக்கு என்ன கறி எண்டது ஒழுங்கை முழுக்கத் தெரியும். எந்தக் கல்லைக் கண்டாலும் விரல் மொழியாலை தட்டி, இடக்காதைக் குடுத்துக் கேப்பார். என்ரை அம்மியையும் ஒருக்காத் தட்டிப்போட்டு, “இதுக்குக் கீழை தண்ணி இல்லை” எண்டார். நானும் தேங்காய்ச் சம்பல் அரைக்கத்தான் வைச்சிருக்கிறன் எண்டு சொன்னன்.

கிணத்து வேலை தொடங்க முன்னம், பங்குனி மாதத்திலை, மனிசன் சைக்கிளோடை காணாமல் போயிடும். ஆனையிறவு தாண்டி, வன்னிக் காட்டுக்குள்ளாலை, மாத்தளை, கண்டி எண்டு மூண்டு கிழமைச் சுத்து. கோயிலுக்குமில்லை, யாவாரத்துக்குமில்லை. ஆறு பாக்க. மலையைப் பிளந்துகொண்டு ஆறு போற இடங்களாப் பாத்துப் போய், கரையிலை குந்தியிருந்துபோட்டு வாறவர். வரேக்கை முகம் கருவாடு மாதிரிக் காய்ஞ்சிருக்கும், மடியிலை ஒரு கல்லு இருக்கும். எங்கடை கல்லு பூச்சி அரிச்ச கிழங்கு மாதிரி ஓட்டையும் கூருமாய் இருக்கும். ஆத்துக் கல்லு முட்டை மாதிரி வழுவழுப்பு. பதினெட்டுக் கல்லு யன்னலிலை அடுக்கி வைச்சிருந்தவர். இப்ப பதினேழு. மற்றது என்ரை தேசிக்காய் ஊறுகாய்ச் சாடிக்குள்ளை பாரமாய்க் கிடக்கு.

வந்தவுடனை பெண்சாதி பூரணத்துக்குச் சொல்லுவார். வேலிக்கு இஞ்சாலை எனக்கும் சேத்துத்தான்.

“அது பள்ளமில்லை பூரணம், ஆரும் வெட்டாத கிணறு. எங்கடை கிணறு முப்பதை ஒண்டுக்கு மேலை ஒண்டு வைச்சாலும் எட்டாது.”

“அப்ப இறைக்கிற துலா எவ்வளவு நீளம் வேணும்?”

“துலா என்னத்துக்கு? தண்ணி தன்ரை பாட்டிலை ஓடுது.”

பூரணமக்கா நம்பமாட்டா. பத்து வயதிலை இருந்து துலாக் கயிறு இழுத்து உள்ளங்கை தேங்காய்ப் பொச்சுமட்டை மாதிரி ஆன மனிசி. “இறைக்காமல் ஓடுற தண்ணியாம். இவருக்கு வெய்யில் தலைக்கு ஏறிட்டுது” எண்டு என்னட்டைச் சொல்லிச் சிரிப்பா. ஆனால் ஒரு மாரியிலை என்னோடை இருந்து தண்ணி அள்ளேக்கை, “உண்மையோ பொய்யோ, அதை ஒருக்காப் பாத்துப்போட வேணும் பிள்ளை” எண்டா.

அடுத்த வருசம் அவவின்ரை கண் போகத் தொடங்கிச்சுது. முதல் கண்டது நான்தான். அரிசிக்குக் கல்லுப் பொறுக்கேக்கை சுளகைச் சுத்திச் சுத்திப் பிடிச்சா. “உதென்ன, சுளகுக்கு வீதி உலாவோ?” எண்டு நக்கலடிச்சன். பிறகுதான் விளங்கிச்சுது. ஓரமெல்லாம் இருண்டு, நடுவிலை மட்டும் ஊசிக் கண்ணுக்குள்ளாலை பாக்கிற மாதிரித் தெரியுதாம். பட்டினத்திலை கண் டாக்குத்தர் பாத்துப்போட்டு, நரம்பு வத்துது, ஒண்டும் செய்ய ஏலாது, ஒரு வருசம் செல்லலாம், செல்லாமலும் விடலாம் எண்டிட்டார்.

அடுத்த நாளே மார்க்கண்டு அண்ணை பூரணமக்காவைக் கூட்டிக்கொண்டுபோய்ப் புகையிலை நிறுக்கிற தராசிலை இருத்தினார். நூற்றி நாலு றாத்தல். அந்த நிறைக்கு மண்ணை நிறுத்துச் சாக்கிலை கட்டினார். அவவை ஏத்திக்கொண்டுபோய் ஆத்தைக் காட்டப் பங்குனி வரக்கிடையிலை பழகவேணும், அதுதான் அந்த நிலாவரைப் பயணம். வழி சொல்லுறதும் பழக்கந்தான். ஓரம் தெரியாத ஆளுக்குப் பள்ளம் எது மேடு எது எண்டு முந்தியே சொல்லவேணுமல்லோ.

இதெல்லாம் கேட்டு எனக்கு வாய் சும்மா கிடக்கேல்லை. “றெயில் கோச்சி இருக்கு. ஏறி இருந்தால் பாலத்துக்கு மேலாலை போகேக்கை ஆறு தெரியும். என்னத்துக்கு அவவைக் கரியரிலை வைச்சு எலும்பை முறிக்கிறியள்?”

“கோச்சி கண்டி மட்டுந்தான், பிள்ளை. அது பாலத்தைக் கண் மூடித் திறக்கிறதுக்கிடையிலை தாண்டிப்போடும். பூரணத்துக்கு ஒண்டைத் தேடிப் பிடிக்கவே கன நேரம் வேணும். சைக்கிள் எண்டால் நிப்பாட்டலாம்.”

நான் சாக்கைப் பாத்தன். “அண்ணை, மண்ணுக்கு எலும்பில்லை. மனிசிக்கு இருக்கு. கண்டிக்கு அங்காலை பதினைஞ்சு மைல் கரியர்க் கம்பியிலை எப்படி இருக்கிறது?” மூண்டு மாதமா ஓடிப் பழகின ஆளுக்கு அது தோன்றேல்லை. பழைய தலையணையைப் பிரிச்சு, பஞ்சை இறுக்கி அடைஞ்சு, ஒரு மெத்தை தைச்சுக் குடுத்தன்.

பூரணமக்காவிட்டைப் பயம் இல்லையோ எண்டு கேட்டன். பொம்பிளை சைக்கிள் கரியரிலை போறதை இந்த ஊர் முந்திப் பாத்ததில்லை. “சனம் முகத்தைச் சுழிக்கும்தான்” எண்டா. “சுழிக்கட்டும். எனக்குத் தெரியவோ போகுது?”

முப்பத்தாறாம் ஆண்டு பங்குனி, கோச்சியிலை சைக்கிளையும் ஏத்திக்கொண்டு போச்சினம். பன்னிரண்டாம் நாள் வந்து சேந்தினம். அண்டைக்கே பூரணமக்கா என்ரை குசினிக்கு வந்து அடுப்படியிலை குந்தினா.

“பாத்தியளோ?”

“முதல் ஒண்டும் இல்லைப் பிள்ளை. ஒரு பக்கம் பச்சை, மற்றப் பக்கம் பனிப் புகார். இரைச்சல் மட்டும் கேக்குது. எனக்குத் தெரியிற அந்தச் சின்ன ஓட்டையை எங்கை திருப்பிறது எண்டு விளங்கேல்லை. பாவம், இவ்வளவு தூரம் உழக்கின மனிசன் எண்டு, ஓம் தெரியுது எண்டு சொன்னன்.”

“நம்பினாரோ?”

“எங்கை? ‘எந்தப் பக்கம் ஓடுது, சொல்லு பாப்பம்’ எண்டார். நான் பிழையாச் சொல்லிப்போட்டன். என்னை ஒரு மரத்திலை பிடிக்கச் சொல்லிப்போட்டு, கல்லுக் கல்லாக் கீழை இறங்கிப் போனார். கிணத்துக்கை இறங்கிற மனிசன்தானே. கன நேரம். பிறகு அடியிலை வெள்ளையா ஒண்டு ஆடிச்சுது.”

“என்னது?”

“இவரின்ரை வேட்டி.”

நான் அகப்பையைக் கீழை வைச்சன்.

“பயப்பிடாதை. சைக்கிள் ஓடவெண்டு உள்ளுக்குக் காற்சட்டை போட்டிருந்தவர்.” சிரிச்சா. பிறகு குரல் தணிஞ்சுது. “அந்த வேட்டியைக் கண்ணாலை பிடிச்சன். விடாமல் அப்படியே பக்கத்தாலை பாத்தன். தண்ணி. வேட்டிக்குப் பக்கத்தாலை போய்க்கொண்டே இருக்குது. ஆரும் இறைக்கேல்லைப் பிள்ளை. ஒருத்தரும் இறைக்கேல்லை.”

நான் அகப்பையை எடுத்துக் கறியைக் கிளறினன். வேறை என்ன செய்யிறது?

இது நடந்து ஒரு வருசம் தாண்டிட்டுது. அந்த ஊசிக் கண்ணும் போன ஐப்பசியிலை மூடிட்டுது. இப்ப அவவுக்கு வெளிச்சம் எது, இருட்டு எது எண்டு மட்டும் தெரியும். பின்னேரத்திலை படலையடிக் கல்லிலை வந்து இருப்பா. அண்ணை கிணத்து வேலை முடிஞ்சு வரேக்கை ஒழுங்கை முடக்கிலை சைக்கிளாலை இறங்கி, தலையிலை கட்டின சால்வையை அவிட்டு, மேலை தூக்கி ஆட்டுவார். மணியை ஒருக்கா அடிப்பார். நான் சொல்லிப் பாத்தன், “அண்ணை, அவவுக்குத் தெரியாது” எண்டு. கேக்காத காதை என்ரை பக்கம் திருப்பிக்கொண்டு போயிட்டார்.

நேத்தும் ஆட்டினார். மணிச் சத்தத்துக்குப் பூரணமக்கா கையைத் தூக்கித் திருப்பி ஆட்டினா, எங்கடை மாட்டுக் கொட்டிலைப் பாத்து. அண்ணை சைக்கிளை வேலியிலை சாத்திப்போட்டு, என்ரை மாட்டுக்குப் பக்கத்திலை வந்து நிண்டு, அங்கையிருந்து சால்வையை ஆட்டினார்.